தைத்தவர் கையெழுத்து

விஷ்ராந்த்வாடி, புணே
22 ஜூன் 2025

மச்சான் சந்திரமௌலிக்கு,

இருபத்தாறு வருஷமாகக் கூடாரம் தைக்கிற நான், போன வாரம்தான் முதல் தடவையாக ஒரு கூடாரத்துக்குள் மழையில் உட்கார்ந்து பார்த்தேன். நனைந்துவிட்டேன். உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆளந்தி ரோட்டில் டெம்போக்காரன் தண்ணீரை வாரி அடித்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் அவனைத் திட்டினாள்.

உன் குரலை இனிக் கேட்க மாட்டேன் என்று ஆரணியில் உன் பெரியண்ணன் மகன் கல்யாணப் பந்தியில் சொன்னேன். சொன்னது சொன்னபடி நிற்கிறது. கடிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். வைஷு இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகையால் நான் நனைந்த விஷயம் பத்திரம்.

சங்கதி இதுதான். எங்கள் ஃபேக்டரி சர்க்கார் இலாகாவாக இருந்து கம்பெனியாக மாறி நாலு வருஷம் ஆகப்போகிறது. கேட்டில் பலகை மாறியது. நாங்கள் கறுப்புப் பட்டை கட்டினோம், கோஷம் போட்டோம், பிறகு அதே மிஷினில் உட்கார்ந்து அதே கூடாரத்தைத் தைத்தோம். முன்பெல்லாம் பட்டாளம் கேட்கும், நாங்கள் தைத்துக் கொடுப்போம். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் வழியில்லை, எங்களுக்கும் வழியில்லை. இப்போது அவர்கள் வெளியிலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. இந்த வருஷம் எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் வெளியாள் ஒருவராவது வாங்காவிட்டால் கூடார செக்‌ஷனை மூடிவிட்டு, முப்பத்தோரு பேரையும் ஆளுக்கொரு ஊர் ஃபேக்டரிக்கு அனுப்புவோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சம்பளம் நிற்காது. தையல் நின்றுவிடும். எனக்குப் பெட்டியில் ஆணி அடிக்கிற வேலை கிடைக்கலாம்.

இங்கே கேம்ப் பஜாரில் சலீம் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். பூர்வீகம் வாணியம்பாடி. கடக்வாஸ்லா பக்கம் ஏரிக்கரையில் சனி ஞாயிறு வருகிறவர்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறார். நம் சரக்கை எடுத்துக்கொண்டு போனேன். தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கடைசியில் ஒரே கேள்வி கேட்டார். "துணி நல்லாக்கீது. நீ உள்ள குந்தி ஒருநாள் மழை பாத்தியா?"

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பார்த்தேன் என்று சொன்னேன். திரும்பி வந்து ஃபேக்டரி மைதானத்தில் கட்டி உட்கார்ந்தேன். மீதிதான் மேலே எழுதியிருக்கிறேனே.

நீ நூல் டாக்டர். உஸ்பெக்கிஸ்தான் வரைக்கும் போய் நூற்பாலை நடத்துகிறவன். ஏன் ஒழுகுகிறது என்று சொல். கோபத்தைத் தனிக் காகிதத்தில் எழுது.

ஜம்பு


ஃபெர்கானா
27 ஜூன் 2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

பாயசம் வருவதற்குள் பாதி இலையில் எழுந்து போனது நீங்கள். எழுப்பிவிட்டது நான் என்று ஊரில் இரண்டு வருஷமாகப் பேச்சு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நூல், எந்த ஊசி, அங்குலத்துக்கு எத்தனை தையல்? தண்ணீர் துணி வழியாக இறங்கியதா, தையல் வழியாகவா? துணி பழைய பருத்திக் கித்தானா, புதிதா? பதில் வந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும்.

அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சந்திரமௌலி


விஷ்ராந்த்வாடி
3 ஜூலை 2025

மச்சான்,

உன் கடிதத்தைப் படித்ததும் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சை இழுத்து விடுங்கள் என்று மட்டும்தான் நீ எழுதவில்லை. அக்காவின் முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, கீழ்வீட்டுக்காரியிடம் சண்டைக்கு இறங்கும்போது வலிப்பதில்லை.

இப்போது பதில். துணி புதிது. போன வருஷம் வந்தது, பிளாஸ்டிக் பூசிய பளபளப்பு. நூல் நைலான். ஊசி இருபத்துமூன்றாம் நம்பர், கித்தானுக்குப் போடுகிற அதே ஊசி. தையல் அங்குலத்துக்கு எட்டு. அதில் மட்டும் நீ குறை கண்டுபிடிக்க முடியாது. எட்டு என்றால் எட்டு. எங்கள் செக்‌ஷனில் எழுதாத சட்டம் அது, எழுதிய சட்டமும் அதுதான். இன்ஸ்பெக்டர் பித்தளை அளவுகோல் வைத்து எண்ணுவார். என் தையலை எண்ணிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார், பார்த்ததும் முத்திரை குத்திவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கூடாரம் திரும்பி வந்ததில்லை.

இதை எழுதும்போதுதான் எனக்கே தோன்றுகிறது. திருப்பி அனுப்ப அவர்களுக்கு இடம் இருந்ததா? இமயமலையில் நனைந்தவன் யாரிடம் போய்ச் சொல்வான்? துணியைத் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பார்கள். தையலை எண்ணிச் சோதிப்பார்கள். தைத்து முடித்த கூடாரத்தின் மேல் யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. அதற்கு ஃபாரம் கிடையாது.

தண்ணீர் தையல் வழியாகத்தான் இறங்கியது. எட்டு எட்டாக, ஒழுங்காக, வரிசையாக. அதிலும் நம் கைவேலை தெரிந்தது.

ஜம்பு


ஃபெர்கானா
11 ஜூலை 2025

மாமா,

துணிதான் மாறியிருக்கிறது, நீங்கள் மாறவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பழைய கித்தான் பருத்தி. ஊசி எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும், மழை பட்டதும் துணியும் நூலும் ஊதி ஓட்டையைத் தானே அடைத்துவிடும். அந்த எட்டுத் தையல் அந்தத் துணிக்காக யாரோ யோசித்து எழுதியது, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய துணி ஊதாது. அதில் தடித்த ஊசியால் எட்டு குத்தினால் அங்குலத்துக்கு எட்டுக் குழாய் வைத்த மாதிரி.

மெல்லிய ஊசி, அங்குலத்துக்கு ஆறு தையல், அதோடு வேறு நூல். உள்ளே பாலியெஸ்டர் இழை, அதைச் சுற்றிப் பருத்தி. உள்ளிழை அறாது, வெளிப்பருத்தி மழையில் ஊதி ஓட்டையை அடைக்கும். இந்த நூல் எங்கள் மில்லிலேயே ஓடுகிறது.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். அந்த நூலை இங்கே ஆரம்பித்தவன் நான்தான். முன்பு இந்த நாட்டில் யார் எவ்வளவு பருத்தி விளைவிக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம்தான் சொல்லும். அறுவடைக்கு வாத்தியாரையும் நர்ஸையும்கூட பஸ்ஸில் ஏற்றி வயலுக்கு அனுப்புவார்களாம். அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பஞ்சாக விற்காமல் நூலாக, துணியாக விற்க வேண்டும் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சட்டம் ஒரு நாளில் மாறுகிறது. எங்களுக்குப் பருத்தி தருகிற பெரியவர் ஒருவர், ஒப்பந்தத்தை முன்னால் வைத்தால், "மேலிடத்து உத்தரவு எங்கே?" என்றுதான் இன்னமும் கேட்கிறார். உத்தரவு இல்லை, உங்கள் இஷ்டம் என்றால் பயந்து எழுந்து போய்விடுகிறார்.

என் நூலைப் பதினோரு மாதமாக யாரும் வாங்கவில்லை. பேர் தெரியாத மில், பேர் தெரியாத நூல். உங்கள் கூடாரத்தைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா என்று கல்யாணத்தில் கேட்டேனே, அப்போதே இந்த நூலை ஆரம்பிக்கும் யோசனை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இருந்த பயத்தை உங்கள் இலையில் கொட்டினேனோ என்னவோ.

லீவில் வருகிற எங்கள் ஃபிட்டர் கையில் நாலு கோன் நூல் கொடுத்தனுப்புகிறேன். மாதிரிதான், இனாம்.

சந்திரமௌலி


விஷ்ராந்த்வாடி
30 ஜூலை 2025

மச்சான்,

நூல் வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், உன் மில்லில் சோப்பு போட்டுத்தான் கை கழுவுகிறார்கள்.

இனி இங்கே நடந்த கூத்து. ஸ்டோரில் கொடுத்தேன். அங்கீகாரம் பெற்ற வியாபாரி பட்டியலில் ஃபெர்கானா இல்லை, வாங்க மாட்டோம் என்றார்கள். வாங்க வேண்டாம், மிஷினில் போட விடுங்கள் என்றேன். போடக் கூடாது என்றார்கள். எட்டுத் தையலை ஆறாக்கப் போகிறேன் என்று சொன்னதும், கையில் இருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கும் மனசு கூசியது. எட்டை ஆறாக்குவது திருட்டு மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

எங்கள் மேனேஜர் எஸ்தர் மேடம். கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயசுதான். தமிழை உப்பு போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவார். கம்பெனி ஆனபோது வந்த புது விதிப் புத்தகத்தை எடுத்து மூன்று நாள் படித்தார். சோதனைக்காக ஒரு செக்‌ஷன் தானே துணி, நூல், தையலை மாற்றிப் பார்க்கலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், தைத்தவரும் போட வேண்டும். நாலு வருஷமாக இருக்கிற விதி. அந்தப் பக்கம் இன்னும் புத்தக வாசனை போகாமல் இருந்தது.

வேலை அட்டையில் 'தைத்தவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம் உண்டு, மச்சான். கம்பெனி ஆன நாளிலிருந்து இருக்கிறது. நாங்கள் ஒருவரும் போட்டதில்லை. சூப்பர்வைசர் ஒரு கோடு இழுத்துவிடுவார். ஏன் என்று உனக்கே தெரியும். கையெழுத்து என்பது பின்னால் நம்மைப் பிடிப்பதற்குத்தானே. சம்பளப் பட்டியல் தவிர வேறெதிலும் போடாதே என்று சேர்ந்த அன்றே பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது.

மேடம் செக்‌ஷனுக்கே வந்து நின்றார். முப்பத்தோரு பேர் முன்னால் அட்டையில் தன் பேரைப் போட்டுவிட்டுச் சொன்னார். "ஜம்புண்ணா, நான் போட்டுட்டேன். ஒழுகினா என்னைக் கேப்பாங்க. நீங்க போடலைன்னா நான் மட்டும்தான் நிப்பேன்."

அடுத்த மிஷின் பவுன், என் கூடவே சேர்ந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "போடு ஜம்பு. உன் எழுத்த எந்தக் கோர்ட்டுலயும் படிக்க முடியாது, பயப்படாத."

போட்டேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. பக்கச் சுவர் பவுன் தைப்பது, அவளும் போட்டாள். அப்புறம் கதவு தைக்கிறவர், கயிறு கோக்கிற கண்ணி அடிக்கிறவர், துணி வெட்டுகிறவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கூடாரத்துக்கு முப்பத்தொன்று. கட்டம் போதாமல் அட்டையின் பின்பக்கம் போனோம்.

ஆறு தையல் போட்டு முடித்துவிட்டோம். கையெல்லாம் இரண்டு நாள் எட்டு எட்டாகவே ஓடப் பார்த்தது. மழைக்குத்தான் காத்திருக்கிறோம்.

ஜம்பு


ஃபெர்கானா
2 ஆகஸ்ட் 2025

மாமா,

உடனே பதில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம். அது என் நூல். இங்கே ஆய்வுக்கூடத்தில் நன்றாக இருந்தது, வெளியே மழையில் நான் சோதித்ததில்லை. இந்த ஊரில் மழையே குறைவு. நீங்கள் கேட்ட தெம்பில் அனுப்பிவிட்டேன்.

ஒழுகினால் அந்த மேடத்தின் வேலைக்கு ஆபத்து, உங்களுக்கும் இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்கிறது. அந்த அட்டையைத் திரும்ப வாங்க முடியுமா பாருங்கள். சலீமிடம் கொண்டுபோக வேண்டாம். முதலில் மைதானத்திலேயே பாருங்கள்.

இரண்டு நாளாக எங்கள் வானிலையை விட்டுவிட்டுப் புணே வானிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மௌலி


விஷ்ராந்த்வாடி
18 ஆகஸ்ட் 2025

மச்சான் மௌலி,

நீ மைதானத்தில் பார் என்று எழுதினாய். நான் நேராக ஏரிக்கரைக்குப் போனேன். வீட்டிலேயே ருசி பார்த்துக்கொண்டிருந்தால் பந்திக்குப் போடுவது எப்போது? பந்தி என்ற வார்த்தையை இனி நான் தாராளமாகச் சொல்வேன், காரணம் கீழே.

நேற்று ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குக் கடக்வாஸ்லா தாண்டி சலீமின் இடத்தில் கூடாரத்தைக் கட்டினோம். நான், பவுன், சலீம் மூன்று பேர். எஸ்தர் மேடம் சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் வருவதாகச் சொன்னார். ஒன்பதரைக்கு மழை பிடித்தது. உனக்கு அந்த மழை தெரியாது. எதிரில் இருக்கிற மலை காணாமல் போய்விட்டது. சலீம் தன் கூடாரங்களில் ஒன்றைப் பக்கத்திலேயே கட்டியிருந்தார், பம்பாயில் வாங்கியது. பதினோரு மணிக்கு அதிலிருந்த நாலு காலேஜ் பிள்ளைகள் எங்களிடம் வந்துவிட்டார்கள்.

தரையில் பழைய மராத்திப் பேப்பரை விரித்து வைத்திருந்தேன், ஒரு சொட்டு விழுந்தாலும் மை கலங்கிக் காட்டிக் கொடுக்கட்டும் என்று. பவுன் இட்லி கொண்டுவந்திருந்தாள். தின்றோம். தொட்டுக்கொண்டது என்ன சட்னி என்று கேட்டால் தெரியாது, மச்சான். எல்லோருடைய கண்ணும் மேலே தையல் மேல்தான். சலீம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஒரு விரலால் தையலை நெடுக நீவிப் பார்ப்பார், விரலைப் பார்ப்பார், உட்காருவார். முதல் ஒரு மணி நேரம் தையல் கொஞ்சம் கறுத்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. நீ எழுதின மாதிரி ஊதி அடைத்துக்கொண்டது.

மேடம் இரண்டு மணிக்குத் தொப்பலாக வந்தார். உள்ளே வந்து, தலை துவட்டாமல், குனிந்து பேப்பரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அதன் மேலேயே உட்கார்ந்து அதை நனைத்துவிட்டார். அதுதான் அன்றைக்கு அந்தக் கூடாரத்துக்குள் வந்த தண்ணீர்.

ஐந்து மணிக்கு சலீம் கேட்டார். "நாளைக்கு ஒழுகினா நான் யாரப் புடிக்கிறது? ஆபீசுக்குப் போனா கேட்டுலயே நிறுத்துவான்."

நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். முன்பக்கம், பின்பக்கம், முப்பத்தொரு பேர், மேடம் பேர். ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் பார்த்தார். என் பேரில் மட்டும் திணறினார். கடைசியில் சொன்னார். "இத துணியில போட்டு உள்பக்கம் தெச்சிடு. முதல்ல அறுவது குடு."

அறுபது கூடாரம், மச்சான். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. பிடிக்காவிட்டால் கேம்ப்பிலேயே வேறு பத்துக் கடை இருக்கிறது. அவரே தடவி, அவரே நனையாமல் உட்கார்ந்து, அவரே கேட்டார். பட்டாளத்துக்கு ஆயிரக்கணக்கில் தைத்த காலத்தில்கூட எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பவுன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கேட்டதற்கு, மழைச்சாரல் என்றாள். ஜன்னல் மூடியிருந்தது.

காசு கொடுத்து ஒரு ஆளாவது வாங்குவானா என்று பந்தியில் கேட்டாய் அல்லவா. வாங்கினான். பேர் சலீம்.

மேடம் உன் மில்லுக்கு நூல் கேட்டு முறையாகக் கடிதம் அனுப்புகிறார். இனாம் வேண்டாம். நாங்களும் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள்தான்.

ஜம்பு


ஃபெர்கானா
24 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை மில்லில் சத்தமாகப் படித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை உஸ்பெக்கில் சொன்னேன். மேடம் சர்ச்சிலிருந்து வந்து பேப்பரை நனைத்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நூல் ஓட்டுகிற பெண், "அந்த முப்பத்தொரு பேரில் பெண்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். எழுதுங்கள்.

உங்கள் கம்பெனியின் ஆர்டர் வந்துவிட்டது. எங்கள் மில்லின் இந்த நூலுக்கு முதல் ஆர்டர். டைரக்டர் அதன் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். இந்த நூல் எந்த நாட்டுக்குப் போகிறது, யார் தைக்கிறார்கள் என்று அந்தப் பருத்திப் பெரியவரிடம் சொன்னேன். மழையில் உட்கார்ந்தவர் கதையையும் சொன்னேன். பிறகு உத்தரவு எங்கே என்று கேட்காமல், விலை என்ன என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி.

நான் அன்று கேட்ட கேள்வி தப்பில்லை மாமா. அதைப் பந்தியில், சம்பந்திகள் முன்னால், உங்கள் இலையில் சோறு இருக்கும்போது கேட்டது தப்பு. நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பு இது, எழுதினால் பாதிதான் போய்ச் சேரும். உங்கள் சபதத்தை என்றைக்குத் தளர்த்துவீர்கள் என்று சொன்னால் அன்றைக்கு போன் செய்கிறேன்.

மௌலி


விஷ்ராந்த்வாடி
14 செப்டம்பர் 2025

மச்சான்,

பெண்கள் பதினெட்டுப் பேர். அந்தப் பெண்ணிடம் சொல். பதினெட்டில் ஒருத்தி பவுன் என்பதால் இருபது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சபதத்தை இன்றைக்கே தளர்த்திவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய். முதல் ஐந்து நிமிஷம் உன் அக்கா அழுவாள், அப்புறம் உன்னைத் திட்டுவாள், அதற்குப் பிறகு என்னிடம் கொடுப்பாள். நான் நனைந்த கதையை அவளிடம் நானே சொல்லிவிட்டேன். அந்த டெம்போக்காரனைத் திட்டினது வீணாகப் போயிற்றே என்றுதான் அவளுக்கு வருத்தம்.

மூடுகிற நோட்டீஸைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சலீமின் ஆர்டர் ஒட்டியிருக்கிறது. நாசிக்கிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பேர் போட்ட பட்டியை உள்பக்கம் தைக்கிற வேலை என்னுடையது. என் பேரை என் கையாலேயே தைக்கிறேன், அங்குலத்துக்கு ஆறு. எங்களிடம் இப்போது ஒரு புது ஃபாரமும் இருக்கிறது. தைத்து முடித்த கூடாரத்தின் மேல் அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட வேண்டும், உள்ளே தைத்தவர் உட்கார வேண்டும். யோசனை என்னுடையது, எழுத்து மேடத்தினுடையது.

நேற்று முதல் இருபது கூடாரங்களைச் சலீமிடம் ஒப்படைக்கிற விழா. ஜெனரல் மேனேஜர் வந்தார். மைதானத்தில் ஒன்றைக் கட்டி வைத்திருந்தோம். நல்ல மழை. வாசலில் ரிப்பன் கட்டியது பவுன். ரிப்பன் மிஞ்சியதால் பக்கத்தில் கூடாரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற இழுகயிற்றிலும் சுற்றி, அதில் சாமந்திப்பூ வைத்தாள். அது ரிப்பனைவிட எடுப்பாக இருந்தது. சார் மழைக்கு ஒதுங்கி உள்ளே நின்றுகொண்டு, இந்தியில் நாலு வார்த்தை நன்றாகப் பேசிவிட்டு, கத்தரிக்கோலை வாங்கி, கையை வெளியே நீட்டி இழுகயிற்றை வெட்டினார். நாங்கள் கைதட்டினோம். கூடாரம் மெதுவாக அவர் மேல் உட்கார்ந்தது. உள்ளே சாரும் சலீமும் யூனியன் செக்ரட்டரியும் இருந்தார்கள். வெளியே எடுக்க ஏழு நிமிஷம் ஆனது. மூன்று பேர் சட்டையும் காய்ந்திருந்தது. ஃபாரத்தில் அதை எழுதிக்கொண்டோம்.

ஜம்பு